சந்திப்புக் குழுவுக்குப் போட்ட நாற்காலிகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இறந்து எட்டு மாதமாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் பூரண சுகம் பெற வேண்டுமென்று சபையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. "நம்முடைய லிஃப்ட் சகோதரரின் மனைவியை ஆண்டவர் தொட்டருள்வாராக" என்று ஆயர் உருகுவார். சபை முழுவதும் ஆமென் சொல்லும். கடைசி வரிசையில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும் சொல்லுவார். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அது பெரிய சபை. பூ வைக்க ஒரு குழு, வைத்த பூவை எடுக்க ஒரு குழு, கார் நிறுத்த இடம் காட்ட ஒரு குழு என்று எதற்கும் குறைவில்லை. ஆயர் மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை; எழுதிக் கொடுத்ததை வாசிப்பார், பாவம். மெக்கானிக் வாயைத் திறக்காமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. வாசலில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்கள். "அது வந்துங்க..." என்று இவர் தொடங்குவதற்குள், "ஜெபிச்சுட்டே இருக்கோம் பிரதர்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போய்விடுவார்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் மட்டும் இவர் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு நாள் துணிந்து மூன்றாம் மாடிக்குப் போய்ச் சபைச் செயலாளரைப் பார்த்தார்.

"இறந்துட்டாங்களா? அடடா" என்றார் செயலாளர். பேனாவை மூடி வைத்தார். அவ்வளவு வருத்தம். "அடக்கம் எங்க நடந்துச்சு?"

"அவ அம்மா ஊர்லங்க. அங்கதான் வைக்கணும்னு ஆசைப்பட்டா."

"பார்த்தீங்களா, சிக்கலே அங்கதான். நம்ம அடக்கக் குழு அடக்கம் பண்ணியிருந்தா எங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. நாங்களும் ஜெபத்துல இருந்து எடுத்திருப்போம். இப்போ சபையைப் பொறுத்தவரைக்கும் உங்க வீட்டுக்காரம்மா இன்னும் இறக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க, நான் ஒழுங்கைச் சொல்றேன்."

"அதான் நானே வந்து சொல்றேனேங்க."

"நீங்க சொந்தக்காரர். துக்கத்துல இருக்கீங்க. துக்கத்துல இருக்கறவங்க சொல்றதை வச்சு ஒரு பேரை எடுத்துட்டா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க." செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "ஜெபத்துல இருந்து எடுக்கிறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. நீங்க சபை முன்னாடி சாட்சி சொல்லணும். வர்ற ஞாயிறு மூணு நிமிஷத் தியானம் சொல்ல வேண்டியவருக்குத் தொண்டை கட்டிடுச்சு. அந்த இடத்துல நீங்க ஏறிடுங்க. வேதப்பகுதிகூட உங்களுக்குப் பொருத்தமா வந்திருக்கு."

பொருத்தம்தான். நோயாளிகளைப் போய்ப் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் நியாயத்தீர்ப்பு நாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்தும் பகுதி அது. மெக்கானிக்குக் கழுத்தோரம் வியர்த்தது.

ஏன் வியர்க்காது? மனைவி ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தாள். சபையில் நோயாளிகளைப் பார்க்கவென்றே ஒரு சந்திப்புக் குழு இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்கு அவள் தலையை வாரிவிடச் சொல்லுவாள். "நாற்காலி போடுங்க. நாலு பேர் வந்தா நிக்க வச்சா பேசுறது?" என்பாள். வீட்டில் இருந்ததே சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகள்தான். அவற்றைத் தூக்கிவந்து கட்டிலுக்கு இரண்டு பக்கமும் போடுவார். வாராவாரம் போட்டு எடுத்து அலுத்துப்போய், பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார். அவளுக்குக் கட்டிலிலேயே ஊட்டிவிட்டு, அப்பாவும் மகளும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வருஷம் முழுக்க ஒருவரும் வரவில்லை. அவள் போன பிறகும் நாற்காலிகள் அங்கேயே கிடந்தன. அவற்றில் கை வைக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அம்மா போன பிறகு கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைக்கு அருகில் இரண்டு தோழிகளோடு ஓர் அறையும் பார்த்துவைத்திருந்தாள். காரணம் கேட்டபோது மறைக்கவில்லை.

"செத்துப்போன அம்மாவுக்குச் சுகம் கேக்குறாங்க, நீங்களும் உட்கார்ந்து ஆமென் சொல்லிட்டு வர்றீங்க. உங்களோட என்னால இருக்க முடியலைப்பா."

செயலாளரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மெக்கானிக் தியானத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் கை கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

"யாரும் வரலைன்னு சொல்லுவீங்களா?"

"சொல்றேன்மா."

"அம்மா செத்துட்டாங்கன்னு? மைக்குல?"

"எல்லாத்தையும் சொல்றேன்."

"அப்போ நானும் வர்றேன். நீங்க சொல்லிட்டீங்கன்னா ரூம் வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடுறேன்." கொஞ்சம் பொறுத்து, "சொல்லுவீங்கல்ல?" என்று மறுபடியும் கேட்டாள்.

ஆனால் அந்தச் சபையில் நினைத்ததை நினைத்தபடி யாரும் தியானம் சொல்லிவிட முடியாது. பரிசுத்த ஆவியானவர் ஏவுவதைப் பேசலாம். அதை முதலில் தியானக் குழு பார்த்துத் திருத்த வேண்டும். குழுத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் சிவப்புப் பேனாவை விடவில்லை. அவருக்கு வலப்பக்கம் நேரக் காப்பாளர், கழுத்தில் விசில் தொங்குகிற இடத்தில் கடிகாரம். இடப்பக்கம் மகிழ்ச்சிப் பொறுப்பாளர். இவர் வெளியில் காப்பீட்டு முகவர். யாரைப் பார்த்தாலும் முகம் மலரும்.

மெக்கானிக் எழுதி வந்ததை நின்றுகொண்டே வாசித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே தலைமையாசிரியை கையை உயர்த்தினார்.

"'ஒருவரும் வரவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. யார் வரலை?"

"சபைல இருந்துங்க."

"சபைன்னா யாரு? நாம எல்லாரும்தானே? நீங்களும் சபைதானே? நீங்க உங்க வீட்டுக்காரம்மா பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேங்க."

"அப்போ சபை வந்திருக்கு. இந்த வாக்கியம் உண்மைக்கு மாறானது." ஒரு கோடு. மெக்கானிக்குக் கணக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அடுத்து நாற்காலிகள் போயின. அந்த வேதப்பகுதியில் நாற்காலி எங்கும் வரவில்லை, கேட்பவர்களின் கவனம் சிதறும் என்றார் தலைமையாசிரியை. நேரக் காப்பாளர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "ஒரு தியானத்துல துக்கம் நாற்பது விநாடிக்கு மேல போகக்கூடாது. நீங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல வச்சிருக்கீங்க" என்றார். அளந்து ஊற்றுகிறவரின் குரல்.

கடைசிப் பகுதி வந்தபோது மகிழ்ச்சிப் பொறுப்பாளர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"இருங்கண்ணே, இருங்க. அந்த வரியை இன்னொரு தடவை வாசிங்க."

"'ஒரு ஞாயிறு காலையில் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது...'"

"ஆகா! உடம்பெல்லாம் சிலிர்க்குது. இங்கயே நிறுத்திடுங்க. ஸ்தோத்திரம்னு முடிச்சுடுங்க."

"அன்னைக்குச் சாயங்காலம்தானுங்க அவ செத்துப்போனா."

"சாயங்காலம்தானே? அது அப்புறம் நடந்தது. நாம பொய் ஒண்ணும் சேர்க்கலையே? உண்மையை ஒரு நல்ல இடத்துல நிறுத்துறோம், அவ்வளவுதான். சாவுல கொண்டுபோய் முடிச்சா ஜனங்க எந்த மனசோட வீட்டுக்குப் போவாங்க? போன வருஷம் ஒருத்தர் யோபு பட்ட பாட்டை எடுத்துப் பேசிட்டு, நல்லபடியா முடிக்கத் தெரியாம முடிச்சார். அன்னைக்குப் பூராவும் பாட்டே எழும்பலை."

"அவ செத்துட்டாங்கறதைச் சொல்லத்தான் நான் ஏறுறதேங்க."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கனிந்தது. "உங்க துக்கம் எங்களுக்குத் தெரியாதா? இந்த அறையில கேட்ட எதையும் நாங்க வெளியில ஒரு ஆள்கிட்டகூடச் சொல்ல மாட்டோம். அது எங்க குழுவோட ஒழுங்கு. உங்க வீட்டுக்காரம்மா இறந்த விஷயம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

மெக்கானிக் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை ஒத்திகை. பிரசங்க மேடையில் மூன்று சிறு விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்கலாம். சிவப்பு வந்தால் ஆர்கன் தொடங்கிவிடும், பாடகர் குழு எழுந்துவிடும். அதற்கு மேல் தீர்க்கதரிசியே இறங்கி வந்தாலும் காத்திருந்து அடுத்த வாரம்தான் பேச வேண்டும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதை மகிழ்ச்சிப் பொறுப்பாளர் சிரித்தே காட்டினார். "'சிரிப்பு இருந்தது'ன்னு சொல்லும்போது உங்க முகத்துலயும் இருக்கணும் அண்ணே. இல்லைன்னா ஜனங்க குழம்பிடுவாங்க."

மெக்கானிக் வேறொரு திட்டம் வைத்திருந்தார். அவர்கள் கொடுத்ததை வாசிப்பது, கடைசி வரி முடிந்ததும் தாளை மடித்துவிட்டு மீதியை வாயால் சொல்லிவிடுவது. நாலு வாக்கியம்தானே. இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட் குழிக்குள் நின்று, மேலே ஓடும் மோட்டாரையும் மீறி ஏழாம் மாடிக்குக் கேட்கக் கத்திய தொண்டை அது. மகளிடம், "கடைசில சொல்லுவேன், பார்த்துட்டே இரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நடு வரிசையில், ஓரத்து இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா மேடை ஏறியபோது லேசாகத் தலையசைத்தாள்.

வாசித்தார். குரல் நடுங்கவில்லை என்பதில் அவருக்கே ஆச்சரியம். நோயாளியைப் பார்ப்பது ஆண்டவரையே பார்ப்பது என்று தலைமையாசிரியை எழுதிச் சேர்த்திருந்த வரிகளை வாசித்தார். மஞ்சள் எரிந்தது. "ஒரு ஞாயிறு காலையில் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது." சிரிக்க மறந்துவிட்டார். தாளை மடித்தார். மகளைப் பார்த்தார்.

சிவப்பு எரிந்தது. ஆர்கன் முழங்கியது. பாடகர் குழு ஒரே ஆளாக எழுந்தது. சபையில் யாரோ கை தட்ட, அது பரவி, "அல்லேலூயா" என்று மாடியிலிருந்தும் சத்தம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் வாயைத் திறந்தபடி நின்றார். கத்தியிருக்கலாம். அவர் கத்தினால் அந்த ஆர்கன் ஒரு பொருட்டா? ஆனால் அத்தனை பேர் சந்தோஷமாக எழுந்து நிற்கும்போது, இல்லை, அவள் செத்துப்போய்விட்டாள் என்று எப்படிச் சொல்வது? தொண்டை வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது. அந்தக் கோழைத்தனத்தை அவர் அங்கேயே, மேடையிலேயே உணர்ந்தார்.

ஆயர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "நம் சகோதரியை இன்று ஜெபத்திலிருந்து எடுத்து ஸ்தோத்திரத்தில் சேர்த்துக்கொள்கிறோம்!" என்று அறிவித்தார். தியானக் குழுத் தலைவியும் எழுந்து நின்று கை தட்டினார். அறையில் கேட்டதை வெளியே விடாத ஒழுங்கை அவர் மீறவேயில்லை. நடு வரிசையின் ஓரத்து இருக்கை காலியாக இருந்தது.

ஆராதனை முடிந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றவரைச் சந்திப்புக் குழுத் தலைவி பிடித்துக்கொண்டார். துணிக்கடை முதலாளியின் மனைவி. பேச ஆரம்பித்தால் நடுவில் புக இடம் கிடைக்காது.

"பிரதர், நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? எங்க குழு ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாகுது. நோயாளிங்களைப் பார்க்கிறதுன்னா சும்மாவா? முதல்ல நம்ம மனசைத் தயார் பண்ணணும். முதல் வருஷம் பூரா பயிற்சிதான். கட்டிலுக்கு எந்தப் பக்கம் உட்காரணும், எப்போ கையைப் பிடிக்கணும், எப்போ விடணும்னு ஆளைக் கூப்பிட்டுக் கத்துக்கிட்டோம். அப்புறம் தோள்ல போடுற பட்டைக்கு நீலமா வெள்ளையான்னு கருத்து வேறுபாடு. உங்க வீட்டுக்காரம்மா பேரு முதல்லயே வந்துச்சு, மறைக்கலை. ஆனா முத்தின நோயின்னு சொன்னாங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம், எடுத்த எடுப்புலயே அப்படி ஒரு நோயாளிகிட்ட போனா எங்க உற்சாகம் போயிடாதா? அதான் கொஞ்சம் தள்ளி வச்சோம். இப்போ சுகமாயிட்டாங்கல்ல, இனி பயமில்லை. எங்க முதல் சந்திப்பே அவங்கதான்! இன்னைக்கு மத்தியானமே வர்றோம்."

"அம்மா, அவ..."

அதற்குள் தலைவி லிஃப்டில் ஏறிவிட்டார், கதவு மூடிக்கொண்டது. முந்தின நாள்தான் மெக்கானிக் எண்ணெய் போட்டுச் சரிபார்த்திருந்தார். அருமையாக வேலை செய்தது.

வீட்டில் மகள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சிருச்சும்மா" என்றார். சொல்லும்போதே எவ்வளவு அற்பமான பேச்சு என்று தெரிந்தது.

"பார்த்தேன்."

"சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன்."

"அதையும் பார்த்தேன்பா. அம்மா எழுந்து உட்கார்ந்தாங்க, சிரிச்சாங்க, ஸ்தோத்திரம். எல்லாரும் கை தட்டுனாங்க. அம்மா அன்னைக்குச் செத்ததுக்குக் கை தட்டுன மாதிரி இருந்துச்சு எனக்கு." பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. அவர் உதவப் போனார். "வேண்டாம்" என்றாள்.

வாசல் மணி அடித்தது.

நான்கு பேர். கடைசியில் நீலம்தான் ஜெயித்திருக்கிறது. நான்கு தோள்களிலும் நீலப் பட்டை. ஒருவர் கையில் பழக்கூடை, ஒருவர் கையில் பூங்கொத்து, ஒருவர் கையில் படம் எடுக்கத் தயாராகத் தூக்கிப் பிடித்த போன். வெறுங்கையோடு வந்தவர் தலைவி மட்டும். அவருக்குக் கையைப் பிடிக்கிற வேலை.

"எங்க நம்ம சகோதரி?"

மெக்கானிக் கதவை அகலத் திறந்தார். பிறகு, "உள்ள வாங்க" என்றார்.

படுக்கையறைக்கு அழைத்துப் போனார். விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்த கட்டில். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலிகள்.

"பாருங்க, நமக்காகப் போட்டே வச்சிருக்காங்க!" என்று தலைவி மகிழ்ந்துபோனார். நான்கு பேரும் பயிற்சியில் கற்ற வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பூங்கொத்துக்காரர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "குளிக்கிறாங்களா?" என்று கேட்டார் ஒருவர். மெக்கானிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஆளே இல்லாத கட்டிலை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை வாசலில் மகள் பெட்டியோடு வந்து நின்றாள்.

யாரோ இருமினார்கள். போன்காரர் போனை இறக்கினார். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குளியலறைப் பக்கம் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிரதர், தப்பா நினைக்காதீங்க. இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"தெரியாதுங்க" என்றார் மெக்கானிக். "அவ சாகுற வரைக்கும் காத்திருந்தா."

அவர் குரலை உயர்த்தினார். உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை, சின்ன அறை. இருந்தாலும் லிஃப்ட் குழியிலிருந்து கத்துகிற குரலில்தான் வந்தது.

"காலையில எழுந்து உட்கார்ந்தா. சிரிச்சா. இன்னைக்குக் கண்டிப்பா வருவாங்கன்னா. நீங்க இப்போ உட்கார்ந்திருக்கீங்களே, இந்த நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொன்னா. வச்சேன். சாயங்காலம் வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருந்தா. இருட்டுற நேரத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. கீழ கார் சத்தம் கேக்குது, வந்துட்டாங்களா பாருங்கன்னு கேட்டா. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. திரும்பி வந்து, வந்துட்டாங்க, கார் நிறுத்த இடம் தேடிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். பொய் சொன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. அவ்வளவுதான். எட்டு மாசமாச்சு."

அந்தப் பொய்யை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவள் மருந்துக் கடைக்கு ஓடியிருந்தாள். இப்போது சொல்லி முடித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

தலைவியின் முகத்தில் ஒரு நிமிஷம் பயிற்சியெல்லாம் கலைந்து, வெறும் மனுஷியாகத் தெரிந்தார். பிறகு எதையாவது செய்தாக வேண்டுமே என்ற பழக்கம் வந்துவிட்டது.

"தியானத்துல இதெல்லாம் சொல்லலையே பிரதர்?"

"மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சுங்க."

"அதுவும் சரிதான்." தலைவி பட்டையைச் சரிசெய்துகொண்டார். நிஜமாகவே உதவ வேண்டும் என்ற தவிப்போடுதான் கேட்டார்: "அப்போ, அவங்களை ஸ்தோத்திரத்துல இருந்து எடுத்து மறுபடியும் ஜெபத்துல சேர்த்துடச் சொல்லவா?"

மெக்கானிக் பதில் சொல்லத் தலை தூக்கினார். அதற்குள் மகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தலைவி உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"எழுந்திரிங்க. நாற்காலி வேணும்" என்றாள். "நாங்க இன்னும் சாப்பிடலை."

நான்கு பேரும் எழுந்தார்கள். அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் நடந்தாள். நடந்தபடியே திரும்பிப் பார்க்காமல், "இன்னொண்ணை நீங்க எடுத்துட்டு வாங்கப்பா" என்றாள்.